சுவிஸ் ஊர்க்கூட்டத்தில் என் இரண்டு கைகள்

கார்த்திகை மழை விட்ட ஒரு காலையில் வட்டக்கச்சியில் இருந்து புறப்பட்டேன். வயலில் பயிர் முழங்கால் உயரம் நின்றது. கொழும்புக்கு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் பஸ். பிறகு கட்டுநாயக்காவில் விமானம், டோகாவில் இறங்கி ஏறி, மறுநாள் பகல் சூரிச்.

மகன் ரவி விமான நிலைய வாசலில் நின்றான். பதினைந்து வருடத்துக்குப் பிறகு பார்க்கிறேன்.

"இளைச்சுப் போனீங்கள் அம்மா."

"எனக்கும் சேத்து நீ கொழுத்திருக்கிறாய்."

அவன் ஊருக்கு ரயிலில் ஒரு மணித்தியாலம். ஏறுமுன் வாங்கித் தந்த தேத்தண்ணி ஐந்து பிராங். எங்கள் காசில் எவ்வளவு என்று கேட்டேன். "கேக்காதேங்கோ, பிறகு குடிக்க மாட்டீங்கள்," என்றான்.

நாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுவிசுக்குக் கடல் இல்லை. ஜேர்மனி, பிரான்ஸ், இத்தாலி, ஒஸ்ரியா, லிக்ரென்ஸ்ரைன் என்று ஐந்து நாடுகள் சுற்றி நிற்கின்றன. தெற்கே பனிமலை. நான் ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள், மலை எனக்குப் புதிதில்லை. ஆனால் இங்கே மலையில் கொழுந்துக் கூடை இல்லை. கோடையில் மாடு மேயுமாம். எழுநூறு வருடத்துக்கு முன் மூன்று பள்ளத்தாக்கு ஆட்கள் ஒருவரை ஒருவர் கைவிடுவதில்லை என்று சத்தியம் செய்தார்கள். அதுதான் தொடக்கம். இப்போது இருபத்தாறு மாநிலம், நான்கு மொழி. பேர்ண் நகரத்தில் இருந்து ஏழு பேர் சேர்ந்து ஆள்கிறார்கள். தலைவர் பதவி வருடத்துக்கு ஒருவராக மாறுகிறது. கதிரையை ஒருவரும் கட்டிப்பிடிக்க ஏலாது.

நாட்டுத் தேர்தலில் பெண்களுக்கு வாக்கு 1971இல்தான் கிடைத்தது என்று மருமகள் சுகந்தி சொன்னாள்.

"எங்கட நாட்டில முப்பத்தொண்டிலயே குடுத்திட்டாங்கள்," என்றேன்.

பெருமையாகத்தான் சொன்னேன். பிறகு வாயை மூடிக்கொண்டேன். சுதந்திரம் வந்த கையோடு எங்கள் தோட்டத்து ஆட்களின் குடியுரிமையைப் பறித்தார்களே. அப்பா நாடில்லாத ஆளாகவே செத்தார். எழுபத்தேழுக் கலவரத்தில் வன்னிக்கு ஓடிவந்து வட்டக்கச்சியில் குடியேறினோம். எனக்குக் குடியுரிமை கிடைத்தபோது தலை பாதி நரைத்திருந்தது.

ரவி இப்போது சுவிஸ் குடியுரிமை கேட்டிருந்தான். கொடுப்பதா என்று ஊர்ச் சனமே கூடி முடிவு செய்யும். எல்லா ஊரிலும் அப்படி இல்லை, அந்த ஊர் வழக்கம் அது. கிடைத்தால் இலங்கைக் குடியுரிமை போய்விடும்.

"பிறகு காசு கட்டி ரெண்டையும் வைச்சிருக்கலாம் அம்மா."

"காசு கட்டி எடுக்கிற சாமானோடா அது?"

'காணியை வித்துப்போடாதேங்கோ, வருவன்' என்று சொல்லிப் போன பிள்ளை. ஊர் மறுத்தால் திரும்பி வருவான் என்று நினைத்தேன். மறுக்கட்டும் என்று பிள்ளையாருக்கு நேர்ந்தும் வைத்தேன். தாய் வைக்கக்கூடாத நேர்த்தி.

கூட்டம் பாடசாலை மண்டபத்தில். வாக்கு இல்லாத என்னையும் சுகந்தியையும் ஓரக் கதிரைகளில் இருத்தினார்கள். முதலில் ஒரு தண்ணீர்க் குழாய்க்கு நெடுநேரம் வாதாடினார்கள். பிறகு ரவியின் முறை. அவனை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். தலைவர் ஏதோ கேட்டார்.

மண்டபம் முழுக்கக் கைகள் எழும்பின.

அத்தனை கைகள் ஒன்றாக எழும்பி நான் ஒரே ஒருமுறைதான் கண்டிருக்கிறேன். வட்டுவாகல் பாலத்தில், சண்டை முடிந்த நாட்களில், ஆமியிடம் சரணடையப் போனபோது. அன்று தூக்காமல் நின்றவர்களுக்கு என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும். நான் யோசிக்கவில்லை. என் இரண்டு கைகளும் தலைக்கு மேலே போய்விட்டன.

"மாமி, இறக்குங்கோ! நாங்கள் தூக்கக்கூடாது," என்று சுகந்தி முழங்கையைப் பிடித்து இழுத்தாள். முன் வரிசையில் ஒருவர் திரும்பிச் சிரித்தார். பிழையாக ஒன்றும் நினைக்கவில்லை, நல்ல சனம். எதிர்த்து ஒரு கையும் எழும்பவில்லை. கதவைத் திறந்து ரவியைக் கூப்பிட்டுக் கை தட்டினார்கள். மிச்சம் கடதாசி வேலைதானாம்.

வீட்டுக்கு நடந்து வரும்போது ரவி சிரித்துக்கொண்டே கேட்டான்: "அம்மா, எனக்கு ரெண்டு வோட்டுப் போட்டீங்களாம்?"

"ஓம்," என்றேன். வேறென்ன சொல்ல? அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். என் அப்பா அந்த வெளிச்சத்துக்காகக் காத்திருந்து காணாமலே போனவர். நேர்த்தியை மனதுக்குள் திருப்பி எடுத்துக்கொண்டேன்.

தை பிறக்குமுன் திரும்பினேன். கட்டுநாயக்காவில் இரண்டு வரிசை: இலங்கையருக்கு ஒன்று, வெளிநாட்டாருக்கு ஒன்று. வெளிநாட்டு வரிசையில் நின்ற ஒரு வெள்ளைக்காரப் பெடியனிடம், எங்கே போகிறாய், எத்தனை நாள் நிற்பாய் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ரவி இனி வந்தால் அங்கேதான் நிற்பான். வட்டக்கச்சிக்கு, ஒரு மாதம் என்று சொல்வான்.

என் முறை வந்தது. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. முத்திரையைக் குத்திப் போகவிட்டார்கள்.