டைனோசரை நம்பி ரத்தம் கொடுத்தேன்

நான் மூன்றாம் வகுப்புவரை படித்தவன். அதிலும் மூன்றாம் வகுப்பில் இரண்டு வருஷம் உட்கார்ந்தேன். வாத்தியாரும் மேலே அனுப்பவில்லை, நானும் அவசரப்படவில்லை. அப்படிப்பட்ட என் வாயில் டிஎன்ஏ என்ற வார்த்தை வந்ததற்கு ஒரு டைனோசர் படம்தான் காரணம்.

2015 கோடையில் என் அண்ணன் மகள் அந்தப் படத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். கல்லூரியில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தாள். தமிழில் வந்திருக்கிறது என்றாள். டைனோசர் தமிழ் பேசும் என்று நம்பித்தான் போனேன். அது கடைசிவரை உறுமிக்கொண்டே இருந்தது. அதற்கு இரையாகப் போகிற வெள்ளைக்காரர்கள்தான் நல்ல தமிழ் பேசினார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் விளக்கினாள். மரப்பிசினில் ஒரு கொசு மாட்டிக்கொள்ளுமாம். அது குடித்த ரத்தத்தில் டைனோசரின் டிஎன்ஏ இருக்குமாம். அதை எடுத்து முழு மிருகத்தையும் செய்வார்களாம்.

"அப்ப நம்ம ஊரு கொசு ஒண்ணப் புடிச்சா என்ன மாதிரி ஆயிரம் பேர செஞ்சிடலாம்?"

"ஒண்ணையே தாங்க முடியல சித்தப்பா. அதெல்லாம் சினிமா. டைனோசரு டிஎன்ஏ எல்லாம் எப்பவோ மக்கிப் போச்சி. ஐஸுல பொதைஞ்ச பழைய யானைங்க கெடைக்குதுல்ல, அதுல இருந்துதான் கொஞ்சம் எடுக்கறாங்க. குளிருதான் காப்பாத்தும். சூடு பட்டா போச்சி."

அவள் சொன்னதில் கொசு மட்டும் என் தலையில் நின்றது. சூட்டைப் பற்றிச் சொன்னது வடலூர் ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டது.

அண்ணன் காணாமல் போய் அப்போது ஆறு வருஷம். சுரங்கத்தில் பெர்மனென்ட் வேலை. எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த ஒரே பெர்மனென்ட் அவன்தான், நான் காண்ட்ராக்ட். ஒரு நாள் ஃபர்ஸ்ட் ஷிப்டுக்கு சைக்கிளில் கிளம்பினான். ஷிப்டுக்கு வரவில்லை. சைக்கிள் மட்டும் காடாம்புலியூர் ரோட்டோரம் பூட்டியபடி நின்றது. சண்டை இல்லை, நோய் இல்லை. முந்தின நாள் சாயங்காலம்கூட என் தொப்பையைத் தட்டி, "உள்ள எத்தினி மாசம்?" என்று கேட்டவன்.

ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் நானும் அண்ணியும் வடலூர் சபைக்குப் போய், சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்திருக்கிற தாடிக்காரர்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வருவோம். அண்ணி காலையில் குளித்ததும் வைக்கிற குங்குமத்தை ஒரு நாளும் விட்டதில்லை. யாரும் எதுவும் கேட்டதும் இல்லை.

படம் பார்த்த மறுவருஷம், காடாம்புலியூர் பக்கம் ஒரு முந்திரித் தோப்பின் ஓரப் பள்ளத்தில் மண் எடுத்த ஜேசிபி, எலும்புகளைத் தூக்கியது. கூடவே இரண்டு இரும்பு வளைவுகள். சுரங்கத்தில் கொடுக்கிற ஷூவின் மூக்கில் உள்ளே வைத்திருப்பார்களே, அந்த இரும்பு. கேள்விப்பட்டதும் ஸ்டேஷனுக்கு முதலில் ஓடியவன் நான்தான்.

"அந்தத் தோப்பு தெரியுமா உனக்கு?" என்று ஏட்டு கேட்டார்.

"நல்லா தெரியுங்க. காண்ட்ராக்ட் இல்லாத மாசத்துல அங்கதான் கூலிக்குப் போவேன். ஒவ்வொரு மரமும் என்னப் பாத்தா வணக்கம் சொல்லுங்க."

"உன் அண்ணன்னு எப்பிடிச் சொல்ற? இந்த ஷூ ஊர்ல பாதிப் பேரு போட்டுகினு இருக்கான்."

"டிஎன்ஏ பாருங்கய்யா," என்றேன். ஏட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "கொசு குடிச்ச ரத்தத்துல இருந்து அம்மாம் பெரிய மிருகத்தையே கண்டுபுடிக்கறாங்க. தொட எலும்பு முழுசா கீது. எங்க அண்ணன கண்டுபுடிக்க மாட்டாங்களா?"

அண்ணிக்கு இதில் இஷ்டமே இல்லை. "அது அவரு இல்ல தம்பி. அவரு எதுக்கு முந்திரித் தோப்புக்குப் போறாரு?" என்றாள்.

"இல்லன்னா இல்லன்னு தெரிஞ்சிடும் அண்ணி. நிம்மதியா இருக்கலாம்."

"நான் நிம்மதியாத்தான் இருக்கேன்."

நான் கேட்கவில்லை. படம் பார்த்தவன் இல்லையா. அண்ணன் மகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் ரத்தம் கொடுக்க வைத்தேன். என்னிடமும் எடுத்தார்கள். "என்னுதுல பாதி குவார்ட்டரா இருக்கும், பாத்து எடுங்க சிஸ்டர்," என்றேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. அண்ணன் மகளும் சிரிக்கவில்லை. பஞ்சை முழங்கையில் அழுத்திக்கொண்டு, "அப்பாவா இருக்கணுமா, இல்லாம இருக்கணுமா, சித்தப்பா?" என்று கேட்டாள். நான் டீ குடிக்கலாம் வா என்றேன்.

காத்திருந்த மாதங்களில் அவளுக்குத் திருவதிகையிலிருந்து நல்ல இடம் அமைந்தது. ஆவணியில் கல்யாணம். பத்திரிகை அடிக்கப் போன இடத்தில்தான் மாட்டிக்கொண்டோம். அப்பா பெயருக்கு முன்னால் அமரர் என்று போடுவதா வேண்டாமா என்று அச்சகக்காரர் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். ரெண்டு நாள் பொறுங்கள் என்று எழுந்து வந்தோம்.

அதைவிடப் பெரிசு நலங்கு. பெண்ணுக்கு முதல் நலங்கு தாய்தான் வைக்க வேண்டும். பொட்டு இழந்தவள் மஞ்சளைத் தொட எங்கள் சாதிசனம் விடாது, சுவரோரமாக நிறுத்திவிடும். அண்ணி யாரிடமும் இதைப் பற்றிப் பேசவில்லை. மகளுக்கு நலங்கு வைக்க எந்தப் புடவை கட்டுவது என்று மட்டும் என் பெண்டாட்டியிடம் இரண்டு தடவை கேட்டிருக்கிறாள்.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது பேப்பர் வந்தது. ஏட்டு நகல் ஒன்று கொடுத்தார். எல்லாம் இங்கிலீஷ். சுரங்க டவுன்ஷிப்பில் ஒரு வாகை மரத்தடியில் நின்று அண்ணன் மகள் படித்துச் சொன்னாள். நான் அவள் தோளுக்கு மேலே எட்டி, படிக்கத் தெரிந்தவன் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணும் எடுக்க முடியலையாம் சித்தப்பா. ஆம்பள எலும்பு, அவ்வளவுதான் தெரியுது. யாருன்னு சொல்ல முடியாதாம்."

"முழு எலும்பாச்சே. ஏழு வருஷந்தானே ஆவுது?"

"பொதைஞ்சி மட்டும் இருந்தா ஒருவேள கெடைச்சிருக்கும். இது எரிஞ்சிருக்கு. ஒரு தடவ இல்ல, திரும்பத் திரும்ப எரிஞ்சிருக்குன்னு போட்டிருக்காங்க." பேப்பரை மடித்தாள். "பள்ளத்துல போயி யாரு சித்தப்பா நெருப்பு வச்சிருப்பாங்க?"

முந்திரித் தோப்பு வேலை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கொட்டை விழுகிற பருவத்துக்கு முன்னால் மரத்தடியைத் துடைத்துவிட வேண்டும். சருகு கிடந்தால் விழுந்த கொட்டை கண்ணுக்குத் தெரியாது. ஆகவே எல்லாச் சருகையும் கூட்டி ஓரமாகத் தள்ளிக் கொளுத்துவார்கள். மரத்தில் தீ பிடிக்காமல் இருக்க, பள்ளம் இருந்தால் பள்ளத்தில் தள்ளுவார்கள். முந்திரிச் சருகு எண்ணெய் மாதிரி எரியும். அண்ணன் காணாமல் போன பிறகு அந்தத் தோப்பில் நான்கு வருஷம் அந்த வேலையைச் செய்தவன் நான். குனிந்து பள்ளத்துக்குள் பார்த்ததில்லை. மேலே நின்று சருகைத் தள்ளி, பீடியைப் பற்றவைத்துவிட்டு அதே குச்சியை உள்ளே போடுவேன். நன்றாக எரிந்தால் கூட இருக்கிறவர்களைச் சிரிக்க வைக்க அதைச் சுற்றி ஒரு குத்தாட்டம்கூடப் போட்டிருக்கிறேன்.

எதற்கெடுத்தாலும் ஒரு நக்கல் வைத்திருக்கிறவன். எடுத்த பீடியைப் பற்றவைக்காமல் பையில் போட்டேன்.

"யாராவது மாடு மேய்க்கறவங்களா இருக்கும்," என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

வீட்டில் அண்ணி வாசலிலேயே நின்றிருந்தாள். என் முகத்தைத்தான் பார்த்தாள்.

"என்னா சொன்னாங்க தம்பி?"

"ஒண்ணும் சொல்ல முடியலையாம் அண்ணி. அவருதான்னு சொல்ல முடியல."

"அப்ப அவரு இல்ல," என்றாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "நான்தான் சொன்னேனே. உள்ள வா, சோறு துன்னு."

அன்றைக்கு அவள் இரண்டாம் தடவை சோறு போட்டாள். நானும் வேண்டாம் என்று சொல்லாமல் தின்றேன். பத்திரிகையில் அண்ணன் பெயர் முன்னால் எதுவும் இல்லாமல் அச்சாயிற்று.

நான்கு நாள் கழித்து ஏட்டு கூப்பிட்டனுப்பினார். தனியாகப் போனேன். மேஜைமேல் வெள்ளைத் துணியில் கட்டி அரக்கு வைத்த ஒரு மூட்டை இருந்தது. ஒரு சின்னக் குழந்தையைச் சுற்றி வைத்த அளவுதான்.

"கேஸ முடிக்கப் போறோம். எங்க ஆளுதான்னு எழுதிக் குடுத்தா வாங்கிகினு போயி காரியம் பண்ணிக்கலாம். இல்லன்னா அநாதைப் பொணம்னு நாங்களே பொதச்சிடுவோம். என்னா சொல்ற?"

அண்ணனுக்குக் கொள்ளி வைக்க ஊரில் என்னைத் தவிர யாரும் இல்லை.

"எங்களுது இல்லீங்க."

"ஏன்யா, அந்த ஷூவப் பாத்துட்டு மொதல்ல ஓடியாந்தவன் நீதானே?"

"அது ஊர்ல பாதிப் பேரு போட்டுகினு இருக்காங்கய்யா."

அவர் எழுதி என் பக்கம் திருப்பினார். பேனாவை நீட்டினார். என் பெயரை எழுத எனக்குத் தெரியும், மூன்றாம் வகுப்பில் இரண்டு வருஷம் அதைத்தான் எழுதினேன். படிக்காதவன் சார் என்று சொல்லிவிட்டுக் கட்டைவிரலை நீட்டினேன்.

வெளியே வந்து விரல் மையைத் தலையில் தேய்த்துக்கொண்டிருந்தபோது அண்ணி போன் செய்தாள். நலங்குக்கு நல்ல மஞ்சளாகப் பார்த்து வாங்கிவரச் சொன்னாள்.