காரிடார் நீளக் கேபிள்

செராஸில் நான் இப்போது இருக்கும் கொண்டோ அடுக்ககத்தில் இன்று புதுக் கேபிளைப் பிரித்ததும் எழுந்த ரப்பர் வாடை, இடித்துத் தள்ளப்பட்ட எங்கள் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிக்கே என்னை இழுத்துப் போனது. அமெச்சூர் ரேடியோவில் முகம் தெரியாத நாட்டுக்காரர்களோடெல்லாம் பேசும் அம்மா, ஆண்டெனா கேபிளைக் காரிடாரில் வாசல் வாசலாக நீட்டி, தையல் டேப்பால் அளந்து, கூடினால் நறுக்கிக்கொள்ளலாம், குறைந்தால் போச்சு என்று ஒரு சாண் கூடுதலாக விட்டே வெட்டுவாள்.

“பொம்பளைக்கு எதுக்குமா ரேடியோ? வழிய விடு லா!” என்பார் பக்கத்து வீட்டு அங்கிள்.

அம்மா நிமிர மாட்டாள். “மிதிக்காம தாண்டிப் போங்கண்ணே.”

முணுமுணுத்துக்கொண்டே கைலியைத் தூக்கிப் பிடித்துத் தாண்டுவார், ஒருநாளும் மிதித்ததில்லை.

இன்று என் ஆண்டெனா கேபிளும் காரிடாரில் நீண்டது. “இங்கெல்லாம் போடக் கூடாது ஆன்டி,” என்றார் காவலாளி.

நான் டேப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“தாண்டிப் போங்க தம்பி.”