முன்பாதி வீடும் பின்பாதி வீடும்

சென்ற மாசியில் எங்களை விட்டுப் பிரிந்த எங்கள் அக்கா, அன்னூர்ப் பக்கம் பிறந்தவர். பஞ்சாலை வேலைக்காகக் கோவை வந்து, பாதி ஆயுளை வாடகை வீடுகளிலும் மீதி ஆயுளைப் பாதி வீட்டிலும் கழித்தார். இந்த நன்றிக் குறிப்பை ஒழுங்காக எழுதக்கூடியவர்கள் எங்கள் குடும்பத்தில் பலர் உண்டு. அவர்களுக்கெல்லாம் வேலை இருந்ததால் தம்பியாகிய என்னிடம் வந்து சேர்ந்தது.

அப்பா ஆஸ்பத்திரியில் காலமானபோது வாடகை வீட்டில் இருந்தோம். "உள்ள கொண்டாராதீங்க, அப்பறம் ஆருங் குடி வரமாட்டாங்க" என்றார் வீட்டுக்காரர். தெருவில் பந்தல் போட்டுக் கிடத்தினோம். அன்று அக்கா சொன்னது ஒன்றுதான்: "நான் போறப்ப என்ற ஊட்டு முன்வாசல்ல இருந்துதான் போகோணும்."

தனி வீட்டுக்கு வழியில்லை. அதனால் அக்கா, ஆலையில் கூட வேலை பார்த்த பழனியம்மாள் என்பவரோடு சேர்ந்து, கோவை கணபதிப் பகுதியில் ஒரு பழைய ஓட்டு வீட்டை இருவர் பேரிலும் வாங்கத் துணிந்தார். நான் விடுவேனா? வாடகையின் பெருமைகளை எடுத்துரைத்தேன்.

"ஏனுங்க்கா, வாடகை ஊடு ஒழுகுனா ஊட்டுக்காரரைத் திட்டலாம். இங்க ஆரைத் திட்டுவீங்க?"

"பழனியம்மாளைத் திட்டுவேன். அவ என்னையத் திட்டுவா. நீ சும்மா இரு கண்ணு."

முன்பாதி யாருக்கு, பின்பாதி யாருக்கு என்று மாரியம்மன் கோயிலில் சீட்டுப் போட்டுப் பார்த்தார்கள். அக்காவுக்காகச் சீட்டெடுத்த ராசியான கை என்னுடையது. பின்பாதி வந்தது. முன்வாசலுக்கு ஆசைப்பட்டவருக்குப் புறக்கடையும் சந்தும் வாங்கிக் கொடுத்த பெருமை என்னையே சேரும்.

"பரவால்ல உடு, சமையக்கட்டுப் பக்கம்" என்று சிரித்தார்.

அப்புறம் அந்த வீட்டில் என்ன ஒழுகினாலும் இருவரும் திட்டிக்கொண்டார்கள். திட்டி முடித்ததும் ஒரே ஏணியைப் பிடித்துக்கொண்டு ஓடு மாற்றினார்கள். வீட்டைக் காலி செய்யச் சொல்ல ஆளில்லை. இதற்கிடையில் நான் சாமான்களோடு ஊரெல்லாம் வீடு மாறிக்கொண்டிருந்தேன். என் பீரோவுக்கு ஆட்டோக்காரர்கள் எல்லாரையும் தெரியும்.

அக்கா போன அன்று அந்தக் குறுகலான சந்து வழியாக எப்படித் தூக்கிப்போவது என்று நாங்கள் கையைப் பிசைந்து நின்றோம். பழனியம்மாள் அக்கா யாரையும் கேட்கவில்லை. தன் கட்டிலையும் டிவியையும் வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, முன்கூடத்தைக் கழுவினார்.

"என்ன வேடிக்க பாக்கறீங்க? இங்க கொண்டாந்து படுக்க வையுங்க. அவ முன்வாசல்லதான் போகோணும்."

போனார், தன் வீட்டு முன்வாசலில் இருந்தே.

அன்று தோள் கொடுத்த உறவினர், நண்பர், தெருவாசிகள் அனைவருக்கும், முதலில் பழனியம்மாள் அக்காவுக்கும், எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்காவின் படம் இப்போது அந்த முன்கூடத்தில்தான் இருக்கிறது. வீட்டுக்காரரைக் கேட்காமல் நான் வாழ்க்கையில் அடித்த முதல் ஆணி அது. பாதி அடி கட்டை விரலில் விழுந்ததால் படம் சற்றுச் சாய்ந்திருக்கிறது. "இருக்கட்டும் உடுங்க, அவ என்ற ரூமை எட்டிப் பாக்கற மாதிரி இருக்குது" என்கிறார் பழனியம்மாள் அக்கா.