எடை மேடையாக நடித்த கம்ப்யூட்டர்

உத்திரமேரூர் கடைத்தெருவில் ஒரு உரக்கடையின் மாடியில் நானும் என் அண்ணியும் கம்ப்யூட்டர் சென்டர் நடத்திக்கொண்டிருந்தோம். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள் அவை. காலையில் டைப்பிங் வேலை வரும். மாலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வகுப்பு. நடுவில் ஓய்ந்திருக்கும் மத்தியானங்களில் புரோகிராம் எழுதுவோம். அண்ணி ஐயங்கார்குளத்துப் பெண். பாலிடெக்னிக் முடித்த கையோடு என் அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தவர். நெல்லும் மணிலாக்கொட்டையும் போடுகிற குடும்பத்தில் இப்படி ஒருத்தர் வந்து சேர்ந்ததில் அதிகம் சந்தோஷப்பட்டது நான்தான். அதுவரை நான் ஒருத்தி படித்த கம்ப்யூட்டர் படிப்பைப் பற்றிப் பேச வீட்டில் ஆளில்லை.

மின்சாரம் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. எங்களிடம் இருந்த பேட்டரி, கம்ப்யூட்டரை ஒழுங்காக அணைப்பதற்குள் அதுவே அணைந்துவிடும். அதனால் அண்ணி சில பழக்கங்களைக் கொண்டுவந்தார். நாலு வரி எழுதினால் சேமிக்க வேண்டும். காலையில் வேலையைத் தொடங்கும்போதே முந்தின நாள் எழுதியதை அப்படியே நகல் எடுத்து, அன்றைய தேதி போட்ட புது ஃபோல்டரில்தான் கைவைக்க வேண்டும். பழையதைத் தொடவே கூடாது. டிஸ்கில் இடம் போகிறதே என்று நான் முணுமுணுப்பேன். அண்ணி விடமாட்டார். மறுநாளும் புது ஃபோல்டர் இருக்கும்.

ஊருக்கு வெளியே, வயல்களை ஒட்டி ஒரு ரைஸ் மில் இருந்தது. நெல் ஏற்றி வரும் லாரியும் டிராக்டரும் முதலில் எடை மேடையில் ஏறி நிற்கும். மேடைக்குப் பக்கத்து அறையில் இருந்த சின்ன டப்பாவில் எடை சிவப்பு எழுத்தில் தெரியும். அதைப் பார்த்து ஒருவர் கையால் சீட்டு எழுதுவார். டப்பாவிலிருந்து ஒரு வயர் இழுத்து, ஆபீஸில் இருக்கும் கம்ப்யூட்டரே எடையை வாங்கிச் சீட்டை அச்சடிக்கும்படி செய்ய முடியுமா என்று மில் முதலாளி கேட்டார். முடியும் என்றோம். அதுவரை அப்படி ஒன்றை நாங்கள் செய்ததில்லை. எடை மேடை கம்பெனி கொடுத்த சின்னப் புத்தகத்தைப் படித்துப் படித்து எழுதி முடித்தோம். முதல் சீட்டு வந்தபோது முதலாளி எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

அறுவடை தொடங்கும்வரை ஒரு குறையும் இல்லை. அதன்பிறகு ஒருநாள் மில்லிலிருந்து போன் வந்தது. உடனே வரச் சொன்னார்கள். அண்ணியை மொபெட்டின் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு போனேன்.

தென்னேரியிலிருந்து டிராக்டரில் நெல் கொண்டுவந்திருந்த ஒரு விவசாயி ஆபீஸ் வாசலில் நின்றிருந்தார். எங்கள் அப்பா வயது இருக்கும். கையில் எங்கள் கம்ப்யூட்டர் அச்சடித்த சீட்டு. சத்தம் போடவில்லை. என்னை எடை அறைக்குக் கூட்டிக்கொண்டுபோய் டப்பாவைக் காட்டினார். வண்டி இன்னும் மேடையில்தான் நின்றது. டப்பாவில் 6240 என்று இருந்தது. சீட்டில் 6040. இருநூறு கிலோ குறைவு.

"டப்பால இன்னா கீது, சீட்டுல இன்னா கீது, நீயே பாரும்மா. மெஷின் பொய் சொல்லாதுன்றீங்க. அப்ப பொய் சொன்னது யாரு?" என்றார்.

என்னால் முதலாளியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஊரில் யாரும் அவரை எடையில் குறை சொன்னதில்லை. இந்தச் செய்தி தென்னேரிக்குப் போனால் அடுத்த நெல் வேறு மில்லுக்குப் போய்விடும். அது ஆபீஸில் இருந்த எல்லாருக்கும் தெரிந்திருந்தது. மறுபடி சீட்டு எடுத்துப் பார்த்தோம். இந்த முறை 6240 என்றே வந்தது. அது இன்னும் மோசம். எப்போது தப்பு வரும், எப்போது வராது என்று தெரியாத தப்பு அது.

வண்டிகள் வெளியே வரிசையில் நின்றன. அந்த அவசரத்தில் இரண்டு பேரும் சேர்ந்து புரோகிராமில் கைவைத்தோம். எடையை வாங்குமுன் கொஞ்சம் காத்திருக்கச் சொன்னோம். வயரில் முன்பே வந்து தேங்கிய பழைய எழுத்துகளைத் துடைக்கச் சொன்னோம். வயரின் முனையைக் கழற்றி இறுக்கி மாட்டினோம். சரியாகிவிட்டது போல இருந்தது. மறுநாள் பகல் முழுக்க ஒழுங்காக ஓடியது. அதற்கடுத்த நாள் காலை மறுபடியும் ஒரு சீட்டு தப்பாக வந்தது. நாங்கள் செய்ததில் எது உதவியது, எது உதவவில்லை, எதனால் புதுத் தப்பு வந்தது, ஒன்றுமே சொல்ல முடியவில்லை. கம்ப்யூட்டர் வேண்டாம், கையாலேயே எழுதிக்கொள்கிறோம் என்று முதலாளி சொல்லிவிட்டார். கோபமாகக்கூட இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

திரும்பி வரும் வழியில், இன்னும் என்னென்ன மாற்றிப் பார்க்கலாம் என்று நான் பேசிக்கொண்டே வந்தேன். அண்ணி வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னார்.

"நாம பார்க்காமயே மாத்திக்கினு கீறோம். மொதல்ல அந்த வயர்ல இன்னா வருதுன்னு பாக்கலாம். பாத்தப்புறம் ஒண்ணே ஒண்ணு மாத்தலாம்" என்றார்.

அன்று மத்தியானமே, மில்லில் அவசரத்தில் செய்ததையெல்லாம் ஒதுக்கிவிட்டு, தகராறு தொடங்குவதற்கு முந்தைய தேதியுள்ள ஃபோல்டருக்குத் திரும்பினோம். அது இருந்ததால் எதைக் கலைத்தோம், எதைச் சேர்த்தோம் என்று நினைவைத் தோண்ட வேண்டியிருக்கவில்லை. டிஸ்கில் இடம் போவதைப் பற்றி அதன்பிறகு நான் பேசவில்லை. அப்புறம் ஒரு குட்டிப் புரோகிராம் எழுதினோம். அது சீட்டு அடிக்காது, கணக்குப் போடாது. வயரில் வரும் ஒவ்வொரு எழுத்தையும் வந்தபடி திரையில் காட்டும், அவ்வளவுதான். எழுதி முடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இதை முதலிலேயே எழுதியிருக்கலாமே என்று இருவருக்கும் தோன்றியது.

அதை மில்லில் ஓட்டிப் பார்க்க முதலாளியிடம் ஒரே ஒரு மத்தியானம் கேட்டோம். ஒத்துக்கொண்டார். எங்கள் நல்ல நேரமோ என்னவோ, நாங்கள் போன அன்று தென்னேரிக்காரர் அடுத்த நடை நெல் கொண்டுவந்திருந்தார். அவரையே கூட இருந்து பார்க்கச் சொல்லலாம் என்றார் அண்ணி. எனக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் போய்க் கூப்பிட்டேன். அவர் வந்து அண்ணிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

திரையில் அவர் வண்டியின் எடை ஒரே எண்ணாகத் திரும்பத் திரும்ப ஓடியது. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. மில்லுக்குள் சாப்பாட்டு நேரம் முடிந்து பெரிய மோட்டாரைப் போட்டார்கள். தரை லேசாக அதிர்ந்தது. அந்த நொடியில் திரையில் நடுவே ஒரு வரி மட்டும் வேறு எண்ணாக வந்தது. அடுத்த வரி மறுபடி பழைய எண்.

"மாறிச்சு பாரு" என்று முதலில் சொன்னது அவர்தான்.

மோட்டாரை நிறுத்தி மறுபடி போடச் சொன்னோம். மறுபடியும் ஒரு வரி கெட்டது. வயர் போகும் வழியைப் பார்த்தோம். எடை அறையிலிருந்து ஆபீஸுக்கு வரும் எங்கள் வயரும் மோட்டாருக்குப் போகும் கனத்த கேபிளும் ஒரே குழாய்க்குள் கட்டிப் போடப்பட்டிருந்தன. மோட்டார் கிளம்பும்போது அந்தக் கேபிளில் பாயும் மின்சாரம் பக்கத்து வயரில் போகும் எழுத்தை உலுக்கிவிடுகிறது. கம்ப்யூட்டரின் கணக்கில் 2 என்ற எழுத்துக்கும் 0 என்ற எழுத்துக்கும் ஒரு சின்னத் துணுக்குதான் வித்தியாசம்; அப்படித்தான் 6240 அன்று 6040 ஆகியிருக்கிறது. சரியாக அந்த நொடியில் யாராவது சீட்டுப் பொத்தானை அழுத்தினால் கெட்ட எண் அச்சாகிவிடும். பகல் முழுக்க ஒழுங்காக இருந்த நாளில், மோட்டாரை நடுவில் நிறுத்திக் கிளப்பாமல் ஓடவிட்டிருக்கிறார்கள்.

தென்னேரிக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். தன் சீட்டைக் கையாலேயே எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு கிளம்பினார். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. அவர் நம்பிவிட வேண்டும் என்று ஆசைப்பட்டிருந்தேன். "பொய் சொன்னது யாருன்னு அவருக்குத் தெரிஞ்சிடுச்சு. அது போதும்" என்றார் அண்ணி.

வயரை வேறு வழியாக இழுக்கச் சொன்னோம். அதோடு, ஒரே எடை அடுத்தடுத்து மாறாமல் வந்தால்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று புரோகிராமைத் திருத்த நினைத்தோம். ஆனால் மறுபடி வண்டிகளை நிறுத்திவைத்துக்கொண்டு மில்லில் சோதித்துப் பார்க்க முடியாது. அண்ணி சென்டரில் இருந்த பழைய கம்ப்யூட்டரை இழுத்து என் மேஜைக்கு எதிரே வைத்தார். இரண்டையும் வயரால் இணைத்து, பழையதை எடை மேடையாக நடிக்க வைத்தோம். அது எடைகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். நாங்கள் சொன்ன இடத்தில் வேண்டுமென்றே ஒரு எண்ணைக் கெடுத்து அனுப்பும். பாதி எண், எண்ணே இல்லாத வெற்று வரி, வண்டி அசையும்போது ஏறி இறங்கும் எண் என்று எங்களுக்குத் தோன்றிய குறும்பையெல்லாம் அதற்குக் கற்றுக்கொடுத்தோம். டைப்பிங்குக்கு வந்தவர்கள் இரண்டு கம்ப்யூட்டரும் தாங்களாகப் பேசிக்கொள்வதை நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த மேஜையில் எங்கள் புரோகிராம் நான்கைந்து இடங்களில் தோற்றது. ஒவ்வொன்றாகத் திருத்தினோம். ஒன்றைத் திருத்தியதும் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தோம்.

மில்லில் மறுபடி மாட்டிய அன்று, கையால் எழுதும் சீட்டும் கூடவே நடக்கட்டும் என்று நாங்களே சொன்னோம். அறுவடை முடியும்வரை இரண்டும் ஒத்துப்போயின. அதன்பிறகு கையால் எழுதுவதை அவர்களே விட்டுவிட்டார்கள்.

அடுத்த வருடம் வாலாஜாபாத் பக்கம் இன்னொரு மில்லில் கூப்பிட்டார்கள். அண்ணி அப்போது நிறைமாதம், தாய்வீட்டில் இருந்தார். நான் மட்டும் போனேன். எங்கள் புரோகிராமைக் கம்ப்யூட்டரில் ஏற்றாமல், முதலில் வயரில் வருவதை மட்டும் திரையில் ஓடவிட்டேன். காலி லாரி நின்றுகொண்டிருந்தது. டப்பாவில் ஒரு எடை, திரையில் சம்பந்தமே இல்லாத இன்னொரு எடை. கொஞ்ச நேரம் விழித்துவிட்டுப் பார்த்தால், வேறு கம்பெனி செய்த அந்த டப்பா எண்களைக் கடைசியிலிருந்து தலைகீழாக அனுப்பிக்கொண்டிருந்தது. மில் போனிலிருந்தே ஐயங்கார்குளத்துக்குப் பேசி, நம் பழைய கம்ப்யூட்டருக்கு இந்தக் குறும்பைக் கற்றுக்கொடுக்க நமக்குத் தோன்றவில்லையே என்றேன். அண்ணி சிரிக்க ஆரம்பித்தார். வயிறு வலிக்கிறது, சிரிக்க வைக்காதே என்று சொல்லிக்கொண்டே சிரித்தார்.