பின்சந்தில் ஒரு தையல் கடை

யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடத்தில் மூடிய கடைகளைக் குறிப்பது என் ஞாயிற்றுக்கிழமை வேலை. ஆண்டர்சன்பேட்டையில் ஒரு தையல் கடையின் ஷட்டர் பல மாதமாகத் துருப்பிடித்துக் கிடந்தது. 'மூடப்பட்டது' என்று போனில் பதிந்து முடித்தபோது, உள்ளே தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. ஷட்டரைத் தட்டினேன்.

"அது தொறக்காதுங்க. பின்னாடி சந்து வழியா வாங்க," என்றது ஒரு பெண்குரல்.

பின்வாசலில் தையல்கார அம்மா துணிக்குவியலுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். நான் பதிந்ததைக் காட்டினேன்.

"இன்னாங்க இது, கல்யாண ஜாக்கெட்டு தெச்சித் தெச்சி எனக்கு இடுப்பு ஒடியுது," என்று சிரித்தார்.

வெட்கத்தோடு திருத்தினேன்: 'திறந்திருக்கிறது. வாசல் பின்சந்தில்.' அவர் எட்டிப் பார்த்தார்.

"பொங்கல் வரைக்கும் புது ஆர்டர் எடுக்கறதில்லன்னும் போட்டுடுங்க."

அதையும் சேர்த்தேன்.