இரண்டு பேர் படம் ஒட்டிய அட்டை

வட இங்கிலாந்தில் எங்கள் ஊர் நார்தலர்டனில் வியாழக்கிழமை காலை ரயில் நிலையத்துக்குப் போகிற யாரும் மெட்காஃப் தம்பதியைப் பார்க்காமல் வர முடியாது. முன்னால் கோர்டன், முதுகில் பை, கையில் குடை. ஓர் எட்டுப் பின்னால் பெரில். "இந்த வயசுலயும் பாரேன், புதுசா கல்யாணம் ஆனவங்க மாதிரி ஊர் ஊரா சுத்துறாங்க" என்று தபால் அலுவலக வரிசையில் நின்று உருகுகிற பெண்களை எனக்குத் தெரியும். நானும் உருகியிருப்பேன். ஆனால் பெரில் என் பக்கத்து வீட்டுக்காரி. இரண்டு தோட்டத்துக்கும் நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு மரவேலிதான். துணி உலர்த்தும்போது அந்த வேலியைத் தாண்டி வந்த சங்கதிகள் தபால் அலுவலக வரிசைக்குத் தெரியாது.

கோர்டன் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல எனக்கு மனசு வராது. கார் ஓட்டுநர் உரிமத்துக்குத் தேர்வு வைக்கும் அதிகாரியாக வேலை பார்த்தவர். வேலைக்காலம் முழுக்கப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, "அடுத்த முனையில் இடப்பக்கம் திரும்புங்கள்" என்று தணிந்த குரலில் சொல்லிச் சொல்லியே ஓய்வு பெற்றவர். வீட்டிலும் அதே குரல்தான். அதுதான் கோளாறே. கத்துகிற புருஷனாக இருந்தால் திருப்பிக் கத்தலாம், கதவை அறைந்து சாத்தலாம். "இப்படிப் போவோமா கண்ணு?" என்று கேட்கிறவரை என்ன செய்ய முடியும்? அப்படித்தான் போக வேண்டும்.

ஓய்வு பெற்ற மாதமே பெரிலை ரயிலில் டர்ஹமுக்குக் கூட்டிப் போனார். பெரிய தேவாலயம், ஆறு, கோட்டை, எல்லாம் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டிருக்கிறார். பெரில், "ரொம்ப அருமையா இருந்துச்சு" என்றாள். எங்கள் பக்கத்தில் அந்த வார்த்தைக்கு ஒரு மதிப்பும் கிடையாது. பல் உடைகிற மாதிரி கேக் கொடுத்தாலும் அருமை என்போம். கடற்கரைக்குப் போய் நாள் முழுக்க மழையில் நனைந்து, மூக்கு ஒழுக வீட்டுக்கு வந்தாலும் அருமையாக இருந்தது என்போம். வேறெதுவும் சொல்வது மரியாதை இல்லை. கோர்டனும் இதே மண்ணில் பிறந்து வளர்ந்தவர்தான். ஆனால் கட்டியவள் சொன்னபோது மட்டும் அதை நிஜம் என்று நம்பிவிட்டார்.

நம்பியதோடு விட்டாரா? பெரிலின் பிறந்தநாளுக்கு ஒரு ரயில் சலுகை அட்டை வாங்கிக் கொடுத்தார். அட்டையில் இரண்டு பேர் படமும் இருக்கும். இருவரும் சேர்ந்து போனால்தான் டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு குறையும். ஒருவர் இல்லாமல் மற்றவர் ஏறினால் அது வெறும் அட்டை. பெரில் பரிசைப் பிரித்துப் பார்த்து என்ன சொன்னாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அன்றிலிருந்து வியாழன்தோறும் ஒரு பழைய நகரம். யார்க், டர்ஹம், லங்காஸ்டர், கார்லைல், செஸ்டர். சுற்று முடிந்தால் மறுபடி யார்க். எங்களுக்குப் பக்கத்திலேயே ரிப்பன் இருக்கிறது, அங்கேயும் அழகான தேவாலயம் உண்டு. ஆனால் ரயில் கிடையாது, பேருந்தில்தான் போக வேண்டும். அதனால் கோர்டனைப் பொறுத்தவரை அப்படி ஓர் ஊரே இல்லை. போகிற இடத்தில் சுவரில் பதித்த கல்வெட்டு ஒன்று விடாமல் வாய்விட்டுப் படிப்பார். எந்த ஆயர் எந்தத் தூணை எழுப்பினார், எந்த ராஜா எங்கே தங்கினார் என்று படித்து முடித்ததும், பெஞ்சில் உட்கார்ந்து வீட்டிலிருந்து கொண்டுபோன சீஸ் சாண்ட்விச், குடுவையில் தேநீர். கடையில் தேநீர் குடிப்பது அவருக்கு வீண். பெரில் ஏதாவது ஜன்னல் முன்னால் நின்றால், "ரயிலுக்கு நேரமாச்சு கண்ணு" என்று முழங்கையைத் தொடுவார். டிக்கெட் அவர் பையில். இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு செல்போன், அதுவும் அவர் பையில்.

இப்படி வருடக்கணக்கில் ஓடியது. போன வசந்தத்தில் ஒரு நாள் தலையணை உறையை உதறிக்கொண்டே பெரில் சொன்னாள்:

"யார்க்ல அந்தக் கோட்டைச் சுவர் மேல நான் தனியா நடக்கணும், மாவிஸ். ஒரே ஒரு தடவை. யாரும் பக்கத்துல வந்து எதையும் படிக்கக் கூடாது."

"அதுக்கென்னடி? நடக்க வேண்டியதுதானே."

"எப்படி? எனக்காகத்தான் போறோம்னு நினைச்சுட்டிருக்கார்."

"அப்ப வாயைத் திறந்து சொல்லு. உனக்கு வாய் எதுக்கு இருக்கு, சாண்ட்விச் திங்க மட்டுமா?"

"சொன்னா மூஞ்சி எப்படி ஆகும்னு உனக்குத் தெரியாது."

எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு மனுஷி தன் ஆசையென்று கேட்பது நகையா, மாளிகையா? ஒரு மதிய நேரம் தனியாக நடப்பது. அதைக் கேட்கக்கூட இவளுக்கு நாக்கு எழவில்லை.

மே மாதத்தில் ஒரு வியாழன். யார்க்கில் எல்லாம் வழக்கம்போல முடிந்து, நிலையத்தில் ரயில் வந்து நின்றிருக்கிறது. பெரில் கழிவறைக்குப் போய்விட்டு வருவதாகச் சொல்ல, கோர்டன் இடம் பிடிக்க முதலில் ஏறினார். பெரில் சீக்கிரமே வந்துவிட்டாள். ஓடினால் ஏறியிருக்கலாம். ஆனால் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுவிட்டாள். ஏன் என்று கேட்டேன். கால் அங்கேயே நின்றுவிட்டது என்றாள். கண்ணாடி வழியாக அவர் தெரிந்தாராம். பக்கத்து இருக்கையில் வேறு யாரும் உட்கார்ந்துவிடாமல் தன் பையை வைத்து, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாராம். கதவு மூடியது. ரயில் நகரும்போது அவர் எழுந்து நின்று தேடியதைப் பார்த்திருக்கிறாள். கையைத் தூக்கியிருக்கலாம். தூக்கவில்லை.

நிலையத்துக்கு வெளியே வந்து நேரே கோட்டைச் சுவர் மேல் ஏறினாள். மெதுவாக நடந்தாள், நின்றாள், வந்த வழியே கொஞ்சம் திரும்பியும் நடந்தாள். கீழே சரிவு முழுக்கப் புல், தூரத்தில் பெரிய தேவாலயத்தின் கோபுரங்கள். எதை யார் கட்டினார் என்று யாரும் சொல்லவில்லை. பிறகு ஒரு தேநீர்க் கடைக்குள் போனாள். "எத்தனை பேரும்மா?" என்று பரிமாறும் பெண் கேட்டாள். "ஒருத்தி" என்று சொல்ல பெரிலுக்கு வெட்கமாக இருந்ததாம். அப்புறம் சிரிப்பு வந்துவிட்டதாம். ஜன்னலோர மேஜை, சூடான தேநீர், வெண்ணெய் தடவிய பன். எனக்கு அதைச் சொல்லும்போது பன்னில் எத்தனை திராட்சை இருந்தது என்பதைத் தவிர எல்லாம் சொன்னாள்.

வீடு திரும்ப ரயில் ஏறியபோதுதான் டிக்கெட் தன்னிடம் இல்லை என்பது உறைத்தது. சோதனையாளர் வந்து நின்றார், தொப்பையும் சிரிப்புமாக ஒரு பெரிய மனிதர்.

"டிக்கெட் என் வீட்டுக்காரர்கிட்ட இருக்கு" என்றாள் பெரில். "சேர்ந்து போற அட்டையில எடுத்தது."

"சரி கண்ணு. அவர் எங்க?"

"முன்னாடி ரயில்ல."

"முன்னாடி ரயில்லயா? உங்களை விட்டுட்டா போயிட்டார்?"

பெரில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதை அவர் தன் போக்கில் புரிந்துகொண்டார். "அடப் பாவமே" என்றார். எங்கள் ஊர் ரயிலில் பக்கத்தில் தீப்பிடித்தாலும் யாரும் யாருடனும் பேச மாட்டார்கள். அன்றைக்கு அந்தப் பெட்டியே பேசியது.

"கட்டின பொண்டாட்டியை மறந்துட்டுப் போற ஆளும் இருக்கானா?" என்றாள் எதிரே இருந்த ஒருத்தி.

"என் வீட்டு ஆளும் அப்படித்தான். ஒரு தடவை பெட்ரோல் பங்க்ல என்னை விட்டுட்டு வண்டியை எடுத்துட்டார்" என்றாள் இன்னொருத்தி, பெரிலின் கையில் ஒரு மிட்டாயைத் திணித்து.

"அவர் கழிவறைல இருக்கார்னு நான் நினைச்சுக்கறேன்" என்று கண்ணடித்துவிட்டுச் சோதனையாளர் நகர்ந்தார். "வீட்டுக்குப் போய் நல்லா நாலு கேள்வி கேளுங்க அவரை."

பெரில் மிட்டாயை வாயில் போடாமல் கைக்குள்ளேயே வைத்திருந்தாள். விட்டுவிட்டுப் போனது யார் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

இதற்குள் கோர்டன் அடுத்த நிலையமான திர்ஸ்கில் இறங்கி, வெகுநேரம் காத்திருந்து எதிர்ரயில் பிடித்து, யார்க்குக்கே திரும்பிவிட்டார். இருவரும் எங்கேயோ நடுவழியில் ஒருவரையொருவர் கடந்திருக்கிறார்கள். அங்கிருந்து எனக்குப் போன் செய்தார். அந்தத் தணிந்த குரலைக் காணோம்.

"மாவிஸ், பெரில் வந்தாளா? ஆஸ்பத்திரி வரைக்கும் கேட்டுட்டேன். அவகிட்ட காசு இருக்கானு கூட எனக்குத் தெரியலை."

அவள் வந்தால் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு வாசலுக்குப் போனேன். தெருமுனையில் பெரில் வந்துகொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்த முகம் இல்லை அது. பத்து வயசு குறைந்திருந்தது. என்னைக் கண்டதும் தன் வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு போய், நான் இதுவரை சொன்னதையெல்லாம் மூச்சு விடாமல் சொன்னாள். கோர்டன் யார்க்கில் தேடுகிறார் என்று நான் சொன்னதும் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

போன் மணி அடித்தது.

"சொல்லிடு" என்றேன். "இதுதான் நேரம். 'நானேதான் நின்னேன், எனக்கு ஒரு நாள் தனியா வேணும்'னு சொல்லு. ரெண்டே வார்த்தை."

அவள் சரியென்று தலையை ஆட்டிவிட்டுப் போனை எடுத்தாள். பக்கத்தில் நின்ற எனக்கே அவர் அழுவது கேட்டது. "நான்தான் உன்னை விட்டுட்டுப் போயிட்டேன். நீ வந்த பிறகுதான் நான் ஏறியிருக்கணும். மன்னிச்சிடு பெரில். நீ தனியா எவ்வளவு பயந்திருப்ப."

பெரில் என்னைப் பார்த்தாள். நான் கையால் ஜாடை காட்டினேன்: சொல்லு, சொல்லித் தொலை.

"ஆமா" என்றாள் பெரில். "கொஞ்சம் பயந்துட்டேன். வரிசை நீளமா இருந்துச்சு, ரயிலைத் தவறவிட்டுட்டேன். நீங்க வீட்டுக்கு வாங்க."

அவளைப் பிடித்து உலுக்கலாம் போல இருந்தது. உலுக்கவில்லை. ரிசீவரை வைத்தவளின் முகத்தில் பழைய வயசு திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. நான் தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன்.

அடுத்த வியாழன் காலை அவர்கள் கிளம்பும்போது நான் குப்பைத் தொட்டியை வெளியே இழுத்துக்கொண்டிருந்தேன். கோர்டன் ஒரு காலத்தில் உள்ளூர்க் கால்பந்து ஆட்டங்களுக்கு நடுவராக இருந்தவர். அந்தப் பழைய விசிலுக்குப் புது நாடா கோத்து, வாசலில் வைத்துப் பெரிலின் கழுத்தில் மாட்டினார். கண் கலங்கியிருந்தது.

"இனிமே கூட்டத்துல மாட்டிக்கிட்டா ஊது கண்ணு. நான் எங்க இருந்தாலும் ஓடி வந்துடுவேன்."

பிறகு அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். முன்னெல்லாம் ஓர் எட்டு இடைவெளியாவது இருக்கும். இப்போது அதுவும் இல்லை. தெரு முழுக்க அப்படியே பிடித்துக்கொண்டு நடந்தார்கள். பார்த்த இரண்டு பேர் உருகியிருப்பார்கள்.

மறுநாள் வேலியோரம் பெரில் துணி உலர்த்த வந்தாள். கழுத்தில் விசில் அப்படியே தொங்கியது, கழற்ற மறந்திருக்கிறாள்.

"என்னடி, ஊதிப் பார்த்தியா?" என்று சீண்டினேன்.

அவள் கோர்டனின் சட்டையை உதறிக் கொடியில் போட்டாள்.

"யாரைக் கூப்பிட ஊதறது மாவிஸ்? அவர்தான் பக்கத்துலயே நிக்கறாரே."