பிளேடு மட்டும் ஆகாது, வேலண்ணா

வேலண்ணன் போய்விட்டார்.

போர்வெல் ரிக் கம்ப்ரசர் மெக்கானிக் செங்கோட்டுவேல். நேற்று சாயங்காலம் மல்லசமுத்திரம் பக்கத்தில் அவர் ஊரில் அடக்கம் முடிந்தது.

பழைய கம்பெனி குரூப்பில் முதலாளி "ஆழ்ந்த இரங்கல்" போட்டிருக்கிறார். பூ படம் வேறு, கும்பிடுகிற கை வேறு... பார்த்ததிலிருந்து வயிறு எரிகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நானும் அந்தக் கம்பெனியில் சைட் மேனேஜராகக் கிடந்தவன்தான். சத்தீஸ்கர் காட்டில் போர் போடுகிற வண்டி மக்கர் பண்ணினால் திருச்செங்கோட்டிலிருந்து அண்ணனை ஃப்ளைட்டில் ஏற்றிவிடுவார்கள்.

ஃப்ளைட் என்றதும் ராஜ வாழ்க்கை என்று நினைத்துவிடாதீர்கள். லக்கேஜில் போட ஆளுக்குப் பதினைந்து கிலோ. பாறை உடைக்கிற பிட்டு ஒன்றை வைத்தாலே பெட்டி முடிந்தது. அண்ணனின் துணிமணி, சவர சாமான் எல்லாம் கைப்பைக்குள்.

அது நம்முடையதைப் போல் தூக்கிப் போடுகிற பிளாஸ்டிக் ரேசர் இல்லை. பித்தளைப் பிடி, இரண்டு பக்கமும் வெட்டுகிற பிளேடு, பாதி முடி கொட்டிய பிரஷ், டப்பா சோப்பு, ஒரு படிகாரக் கட்டி.

முதல் தடவை ஏர்போர்ட் செக்யூரிட்டியில் நானும் கூட இருந்தேன். "பிளேடு மட்டும் ஆகாது சார், மத்ததெல்லாம் எடுத்துட்டுப் போங்க" என்றார் பையைச் சோதித்த அம்மா.

"ஏனுங்க மேடம், பிளேடு இல்லாத பிடிய வெச்சு என்னத்தைங்க பண்றது? முதுகு சொறியறதுங்களா?"

அந்த அம்மாவே சிரித்துவிட்டார். ஆனாலும் பிளேடு குப்பைத்தொட்டிக்குத்தான் போனது. ரூல் அது, அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

நான் முதலாளியிடமே கேட்டேன். "அரைக் கிலோ சாமானுங்க, பெட்டியில போட்டுக்கட்டுங்க."

"அரைக் கிலோன்னா ரெண்டு வால்வு போகுமப்பா. பிளேடு எந்த ஊர்லயும் கெடைக்கும்."

எந்த ஊரிலும் கிடைக்கும்... இவர் ஏசி ரூமில் உட்கார்ந்துகொண்டு சொல்லுவார். அண்ணன் சைட்டில் இறங்கியதும் ஏதாவது டிராக்டரில் தொற்றிக்கொண்டு பிளேடு தேடிப் போவார். செவ்வாய், வெள்ளி முகத்தில் கத்தி படாது. மற்ற நாளெல்லாம் வழிக்காமல் ஸ்பானரைத் தொடமாட்டார்.

ஒரு தடவை முகமெல்லாம் நுரையோடு உட்கார்ந்திருக்கிறார், போனில் முதலாளி கத்துகிறார். "வண்டி நிக்குது, அங்க என்னய்யா பண்றே?"

"வாரேனுங்க... பாதி மூஞ்சி ஆயிருச்சுங்க."

நாங்கள் அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சொன்ன மாதிரியே மீதிப் பாதியையும் வழித்துவிட்டுத்தான் எழுந்தார்.

இந்தத் தடவை போன இடத்தில் நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியிலிருந்து எனக்குப் போன் போட்டார். வலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"தாடி நமநமங்குது சாமி. ஊட்டுல வீடியோ கால் பண்றா, எடுக்க முடியல. இப்படிப் பார்த்தா பயந்துக்குவா. ஒரு பிளேடு வாங்கியாரச் சொல்லு."

சைட்டில் இருந்த சூப்பர்வைசர் முருகேசனிடம் போனில் சொன்னேன். வண்டி ஓடுகிறது, சைட்டை விட்டு நகரக் கூடாது என்று முதலாளி உத்தரவாம். ஒரு பிளேடு... ஒரே ஒரு பிளேடு வாங்கிக் கொடுக்க ஒரு ஆள் இல்லை. எந்த ஊரிலும் கிடைக்குமே, முதலாளி?

நேற்று அண்ணன் வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. சவப்பெட்டியைத் திறந்ததும் அண்ணி எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"இவரு இல்லீங்க. ஆளை மாத்திக் கொண்டாந்துட்டீங்க. எங்கூட்டுக்காரரு தாடி வெக்க மாட்டாருங்க."

சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நம்பிக்கை இருந்தது பாருங்கள்... அதை என்னால் தாங்க முடியவில்லை.

சவர சாமானைத் தேடினேன். உடலோடு ஃப்ளைட்டில் வந்த முருகேசனின் கைப்பையில் இருந்தது. பிடி, பிரஷ், சோப்பு, படிகாரம். பிளேடு இல்லாததால் செக்யூரிட்டியில் யாரும் எதுவும் கேட்கவில்லையாம்.

பிளேடு லக்கேஜ் பெட்டியில் இருக்குமோ என்று அதையும் திறந்தேன். அண்ணனின் துண்டில் சுற்றி, தேய்ந்துபோன பிட்டு.

முருகேசன் தலையைக் குனிந்துகொண்டான். "முதலாளி சொன்னாருங்கண்ணா... எப்படியும் வர்றியல்ல, சாணை புடிக்க அதையும் கொண்டாந்துருன்னு."

மனுஷன்தானா இவர்? பொணத்தோடு வருகிற ஆள் கையில் பிட்டைக் கொடுத்து அனுப்புவாரா ஒருத்தர்?

ஊர்க் கடையில் பிளேடு வாங்கி வந்தேன். பெரியவர் ஒருத்தர் கையைப் பிடித்தார். "வெள்ளிக்கெழமை சாமி, கத்தி படக் கூடாது. நாளைக்கு வழிக்கலாம்னாலும் சனிப்பொணம் தனியாப் போகாது. இப்படியே எடுத்துருலாமுங்க."

சாவுக்கு வந்திருந்த முதலாளியும் வாட்சைப் பார்த்துக்கொண்டே, "ஆமாமா, நேரமாச்சு, தூக்குங்கப்பா" என்றார்.

அவ்வளவுதான். பெரியவரிடம் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். முதலாளியைப் பார்த்துக் கத்தியதை இங்கே எழுத முடியாது. இழவு வீடு என்றும் பார்க்கவில்லை. அங்கிருந்த அத்தனை பேரும் கேட்டார்கள், அது போதும்.

நுரை போட்டு நானே வழித்தேன். கடைசியில் படிகாரம் தடவும்போது அண்ணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"இவருதானுங்க" என்றார். அப்புறம்தான் அழுதார்.

முதலாளி, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். உங்கள் பிட்டு அங்கேயே வாசலில்தான் கிடக்கிறது, ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

வேலண்ணா... சாமானையெல்லாம் குழியில் உங்கள் தலைமாட்டிலேயே வைத்திருக்கிறேன். புது பிளேடு மாட்டித்தான் வைத்தேன்.

போய் வாருங்கள்.